தொண்டர் என்னும் சொல்லை மீட்போம்

சென்ற தவணையிற் பத்தாம் வகுப்பு மாணவர்க்குச் சொற்பயிற்சி ஒன்று கொடுத்தோம். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றையும் பொருள் விளங்கும்படி வாக்கியத்தில் அமைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று 'தொண்டர்'. பெரும்பாலார் எழுதியது நாம் எதிர்பார்த்ததே: கோயில் திருவிழாவிலே தொண்டர்கள் அடியார்க்குத் தண்ணீர் வழங்கினர். ஒரு மாணவி, தன் தாயார் ஒன்பது ஆண்டுகள் தொண்டர் ஆசிரியராகச் சம்பளமின்றிக் கற்பித்தார் என எழுதியிருந்தாள். மற்றொரு மாணவன் எழுதியது இது: முகாம் வாயிலிலே தொண்டர் ஒருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். அவனை அழைத்துக் கேட்டோம். தன் வீட்டுக்கு அருகிலுள்ள இராணுவ முகாமின் பெயர்ப்பலகையில் 'தொண்டர் படையணி' என்று தமிழில் எழுதியிருப்பதாகவும், ஆகவே அங்கு நிற்பவர் தொண்டரே என்றும் அவன் தெளிவாக விடை பகர்ந்தான்.

மூவர்க்கும் முழுப் புள்ளி வழங்கினோம். இலக்கணப்படியும் வழக்குப்படியும் மூன்று வாக்கியங்களும் சரியானவையே. சம்பளம் கேளாது பிறர் தாகம் தீர்ப்பவன் தொண்டன். சம்பளம் கேட்டும் கிடைக்காதவள் தொண்டர். சம்பளமும் துப்பாக்கியும் சீருடையும் பெற்றவன் அவனும் தொண்டன். ஒரு சொல் இவ்வாறு முத்திசையிலும் இழுபட்டு நிற்பது மொழியின் வளம் என்று மகிழ்வோர் இருக்கலாம். எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. யாரோ சிலர் இச்சொல்லை அதற்குரிய இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தம் தேவைக்குப் பயன்படுத்தியுள்ளனர் என்ற ஐயமே எழுந்தது. அவ்வையத்தின் வழியே சென்று நாம் கண்டவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படையிற் சேர்ந்த மனிதனைக் குறிக்க இன்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. படைவீரர், சிப்பாய், தொண்டர் படையினர், ஒதுக்குப் படையினர், ஊர்காவற் படையினர், துணைப்படையினர், கூலிப்படையினர், போராளி என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயின், ஒரு மனிதன் படையுடன் கொண்டுள்ள உறவை அறிய மூன்று வினாக்களே போதுமானவை. அவன் தன் விருப்பத்தால் வந்தவனா? அவனுக்குச் சோறிடுபவர் யார்? வேண்டாம் என்று தோன்றும்போது அவன் விலகிச் செல்லலாமா? இம்மூன்றுக்கும் விடை தரும் பெயர் நேர்மையான பெயர். இவற்றை மறைக்கும் பெயர் பொய்ப்பெயர். இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு பார்க்கும்போது, எமது பத்திரிகைகளும் அரசாங்க அறிக்கைகளும் மேடைகளும் வழங்குகின்ற பெயர்களுட் பெரும்பாலானவை பொய்ப்பெயர்கள் என்பதே எமது துணிபு.

பண்டைத் தமிழர் இத்துணை மூடிமறைக்கவில்லை. பழந்தமிழில் 'மள்ளர்' என்னும் சொல் போர் செய்பவனையும் குறிக்கும், ஏர் பிடிப்பவனையும் குறிக்கும். நிகண்டு நூலாரும் இவ்விரு பொருளையும் ஏற்றனர். காரணம் வெளிப்படை. ஒரு பருவத்திலே கலப்பை பிடித்த அதே கை மறு பருவத்திலே வேல் பிடித்தது. இன்று 'பகுதிநேரப் படையாள்' எனப் பெயரிடப்படுவோனின் தொல்லுருவம் அவனே. அவன் முழுநேரமும் வீரன் என்று அச்சொல் பெருமை பேசவில்லை. அவன் உழவனும் ஆவான் என்ற உண்மையைத் தன்னுள்ளே வைத்திருந்தது.

குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர் படையை ஆறு வகையாகக் கூறுவார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வடமொழிப் பொருள்நூலிலும் இதனையொத்த பாகுபாடு உண்டு. இவ்வாறு பெயர்களும் மன்னனின் நலம் கருதி எழுந்தவை என்பதை நாம் மறக்கவில்லை. எவனை எத்துணை தூரம் நம்பலாம் என்று அரசன் கணக்கிடுவதற்காகவே இவ்வகுப்புமுறை தோன்றிற்று. ஆயினும் கணக்குப் பார்ப்பவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில்லை. வழிவழியாக வந்தவன் மூலப்படை. கூலிக்கு வந்தவன் கூலிப்படை. நேசநாட்டான் அனுப்பியவன் துணைப்படை. எதிரியை விட்டு வந்தவன் பகைப்படை. ஒவ்வொரு பெயரும் அம்மனிதன் எங்கிருந்து வந்தான், எந்தக் கயிற்றாற் கட்டுண்டான் என்பதைச் சொல்லிவிடுகின்றது. நிலப்பிரபுத்துவ காலத்து உரையாசிரியருக்கு இருந்த இந்த நேர்மை, மக்களாட்சி பேசும் எமது காலத்து அறிக்கையாளர்க்கு இல்லாமற் போனது ஏன்?

எமது நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று தேடலாம். பொலநறுவையிலே வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்து சிங்கள மன்னரிடம் சேவித்த அப்படையினர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, புத்தபிரானின் தந்ததாதுக் கோயிலைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்பதாக அதிலே உறுதி கூறியுள்ளனர். இதே வேளைக்காரர், அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, சோழர் மீது படையெடுக்குமாறு முதலாம் விசயபாகு பணித்தபோது மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர் என்பதைச் சூளவமிசம் கூறும். மன்னன் அக்கிளர்ச்சியை அடக்கினான். படையாளும் ஒரு மனிதன். அவனுக்கும் மனமும் இனமும் மறுப்பும் உண்டு. கட்டளைக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையே அவன் நின்று யோசிக்கிறான். 'வீரன்' என்ற ஒற்றைச் சொல்லாற் போர்த்தினால் இந்த மனிதன் கண்ணுக்குத் தெரியாமற் போவான்.

பின்னர் வந்த ஏகாதிபத்தியவாதிகள் சொற்களையும் கப்பலில் ஏற்றி வந்தனர். பாரசீக மொழியிலிருந்து போர்த்துக்கேயர் வாயிலாக 'லஸ்கரின்' வந்தது. அதே பாரசீக வழியில் 'சிப்பாய்' வந்தது. கோட்டை இராச்சியத்திலே நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாகப் படைக்கடன் செய்யவேண்டியிருந்த குடியானவன், போர்த்துக்கேயரின் கீழ் லஸ்கரின் ஆனான். அவன் தானே விரும்பி வந்தவன் அல்லன். நிலத்தை இழப்பான் என்ற அச்சமே அவனைக் கொணர்ந்தது. 1594ஆம் ஆண்டிலே கண்டி மீது படையெடுத்த போர்த்துக்கேயரை விட்டு லஸ்கரின்கள் பெருந்தொகையாக அகன்றனர். தந்துறையிலே அப்படை அழிந்தது. வெள்ளையர் எழுதிய ஏடுகள் இதனைத் துரோகம் என்றன. முதல் வினாவுக்கே 'இல்லை' என்று விடை உள்ள இடத்திலே துரோகம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

யாழ்ப்பாணத்திலே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குடிகளிடம் வாங்கிய கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். கூலியில்லாத, மறுக்க முடியாத வேலை அது. அதே சொல் இன்று கந்தோரிலே மாதச் சம்பளம் பெறுவோரை 'ஊழியர்' என்று அழைக்கின்றது. தேவாலயத்திலே இறைபணியையும் குறிக்கின்றது. காலம் சொற்களைக் கழுவுகின்றது என்பது உண்மைதான். ஆனால் கழுவப்பட்ட சொல்லைக் கொண்டு பழைய கட்டாயத்தையே மீண்டும் நடத்தும்போது விழிப்பாயிருக்க வேண்டியவர்கள் நாமே. 'சேவை' என்னும் சொல்லுக்கும் இக்கதியே. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயுள்ள சிங்கப்பூரிலே, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இளைஞர் கட்டாயமாகப் படைப்பயிற்சி பெறுகின்றனர். அதன் பெயர் 'தேசிய சேவை'. அவர்கள் 'முழுநேரத் தேசிய சேவையாளர்'. அப்பெயரில் நேரம் எவ்வளவு என்பது உண்டு. கட்டாயம் என்பது இல்லை. அந்நாட்டுக்கு அம்முறை வேண்டுமா என்பது அந்நாட்டு மக்கள் தீர்மானிக்க வேண்டியது. சொல்லைப் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம்.

இனி, 'தொண்டர்' எவ்வாறு துப்பாக்கி ஏந்தினார் என்பதைக் காண்போம். 1881ஆம் ஆண்டிலே இலங்கையில் ஆங்கிலேயர் இலகு காலாட்படைத் தொண்டர் அணியை நிறுவினர். 1900ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படை தோன்றிற்று. அதில் ஐரோப்பியர்க்கு மட்டுமே இடம். 1910ஆம் ஆண்டிலே இவையெல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரின் கீழ் வந்தன. ஆங்கிலத்தில் இவர்களைக் குறித்த சொல், தன் விருப்பால் வந்தவன் என்ற அளவில் மட்டுமே பொருள்படுவது. அதனைத் தமிழாக்கியோர் 'தொண்டர்' என்றனர். அங்கேதான் பிழை நேர்ந்தது. தமிழிலே தொண்டு என்பது அடிமைத்திறத்தையும் பணிவையும் அன்பையும் ஒருங்கே குறிப்பது. சேக்கிழார் பாடிய பெரும் புராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்றே பெயர். குயவரும் வண்ணாரும் வேடரும் பாணரும் அந்தத் தொண்டர் கூட்டத்திலே உண்டு. அப்படிப்பட்ட சொல்லை, வார இறுதியிற் குதிரையேறிக் கூலியாட்கள் முன் அணிவகுத்த தோட்டத்துரைக்குச் சூட்டியமை எத்துணைப் பெரிய அநீதி!

அத்தொண்டர்கள் செய்த தொண்டு 1915ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. முஸ்லிம் மக்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தை அடக்குவதாகக் கூறி அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. ஐரோப்பியத் துரைமாரும் வணிகரும் பகுதிநேரப் படையினராக ஆயுதம் தாங்கினர். விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டனர். சேர். பொன். இராமநாதன் சட்டநிரூபண சபையிலே இதனைக் கண்டித்து முழங்கியதும், 1916ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. கொழும்பு நகரக் காவற்படையிலே தானும் ஓர் அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ் 1915 யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரைக் காக்கச் சேர்ந்தவனையே வெலிக்கடைச் சிறையிற் சுட்டனர். காவல் என்ற சொல்லும் அன்றே களங்கப்பட்டது.

சுதந்திரத்தின் பின் இந்நிலை மாறவில்லை. 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் நிரந்தரப் படை, அதன் ஒதுக்குப் படை, தொண்டர் படை, அதன் ஒதுக்குப் படை என நான்கு வகுத்தது. வெள்ளையன் விட்டுச் சென்ற பெயர்களை நாமும் அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம். பின்னர் நிகழ்ந்த நீண்ட போரிலே தொண்டர் படையணிகள் ஆண்டுக்கணக்காக முழுநேரமும் களத்தில் நின்றன. பகுதிநேரம் என்பதும் போயிற்று. தொண்டு என்பது ஒருபோதும் இருந்ததில்லை. பெயர் மட்டும் பலகையில் நின்றது. எமது மாணவன் கண்ட பலகை அதுவே.

1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமங்களிலே ஊர்காவற்படை தோன்றிற்று. சிங்களக் கிராமத்து ஏழை உழவனுக்கும், முஸ்லிம் கிராமத்து ஏழை உழவனுக்கும் குறுகிய பயிற்சியும் ஒரு துப்பாக்கியும் சிறு கொடுப்பனவும் தரப்பட்டன. பகலில் வயல், இரவிற் காவல். அவர்களுட் பலர் தம் குடும்பத்தோடு வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அவர்களுட் சிலர் அயற் கிராமத்துத் தமிழரைக் கொன்றனர் என்ற குற்றச்சாட்டும் பதிவாகியுள்ளது. இரண்டும் நடந்தவை; ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்போர் உண்மைக்குப் பகைவர். அரசாங்கம் காக்க வேண்டிய ஊரைக் காக்கும் சுமையை ஊரின் வறியவன் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு 'ஊர்காவல்' என்ற இனிய பெயரையும் வைத்தார்கள். காவலுக்குச் செல்லாவிட்டால் அவனது அடுப்பு எரியாது என்பதை அப்பெயர் சொல்லிற்றா?

2006ஆம் ஆண்டிலே இப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆயிற்று. 'சிவில்' என்ற சொல்லுக்குப் பொருள் குடிசார்ந்தது, படைசாராதது என்பதாம். பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய ஒரு படைக்கு இப்பெயர்! போர் முடிந்த பின்னர், 2010களிலே, இத்திணைக்களம் வன்னியில் ஆயிரக்கணக்கான தமிழரை வேலைக்கு அமர்த்திற்று. பண்ணைகளிலே உழைத்தோர் அதன் சம்பளப் பட்டியலில் இருந்தனர். அதுமட்டுமோ? முன்பள்ளி ஆசிரியைகளும் அப்பட்டியலில் இருந்தனர். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு அகரம் கற்பித்த பெண், ஏட்டின்படி பாதுகாப்பு அமைச்சின் ஊழியர். அவர்க்குக் கிடைத்த சம்பளம், மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ்ப் பணிபுரிந்த முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த சிறுதொகையைவிடப் பல மடங்கு அதிகமாயிருந்தது.

அப்பெண்களை நாம் பழித்தோமல்லோம். கணவனை இழந்தவர், வீடிழந்தவர், கடன்பட்டவர் அவருட் பலர். அடுப்பு எரிய வேண்டிய வீட்டிலே இருந்து அவர் எடுத்த முடிவைத் தீர்ப்பிட எவர்க்கும் உரிமையில்லை. எமது வினா அரசாங்கத்தை நோக்கியது. ஆசிரியைக்கு நியாயமான சம்பளம் கொடுக்கக் கல்வித் திணைக்களத்திடம் பணமில்லை. பாதுகாப்பு அமைச்சிடம் உண்டு. இது ஏன்? மேலே நாம் கூறிய மாணவியின் தாயார் ஒன்பது ஆண்டுகள் 'தொண்டர்' என்ற பெயரோடு சம்பளமின்றிக் கற்பித்ததையும் இதனருகே வைத்துப் பாருங்கள். படையிலே தொண்டர் என்றால் சம்பளம் உண்டு. பாடசாலையிலே தொண்டர் என்றால் சம்பளம் இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் ஆயுதத்தை அழகுபடுத்துகிறது. மற்றோரிடத்திற் சுரண்டலை அழகுபடுத்துகிறது. சொல்லாராய்ச்சி பண்டிதர்க்குரிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இதுவரை அரசாங்கத்தின் சொற்களைப் பார்த்தோம். எமது பக்கத்துச் சொற்களைச் சோதிக்காமல் விட்டால் நாமும் பொய்யரே. 1989ஆம் ஆண்டிலே, இந்தியப் படை இங்கிருந்தபோது, வடக்குக் கிழக்கு மாகாண சபையின் நிழலிலே 'குடிமக்கள் தொண்டர் படை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு படை திரட்டப்பட்டது. வீதியிலும் வீட்டிலும் இளைஞர் பிடிக்கப்பட்டனர். பாடசாலை மாணவரும் அவர்களுள் இருந்தனர். பிடித்துக் கொண்டுபோய்த் தலையை மழித்துத் துப்பாக்கியைத் திணித்தபின் அவர்களுக்கு இட்ட பெயர் தொண்டர்! அடுத்த ஆண்டிலே இந்தியப் படை கப்பலேறிற்று. இந்தப் பிள்ளைகள் விடுதலைப் புலிகளின் கையிற் சிக்கினர், பலர் மீளவில்லை.

விடுதலைப் புலிகளும் தம் ஆட்சிப் பகுதியிலே பொதுமக்களுக்குப் பயிற்சியளித்து 'எல்லைப்படை' அமைத்தனர். போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியிலே குடும்பத்துக்கு ஒருவர் என்று கட்டாயமாகச் சேர்த்தனர். சிறுவரும் சேர்க்கப்பட்டனர் என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. தன் விருப்பால் வீட்டை விட்டுச் சென்றவனும் 'போராளி'. தாயின் கையிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட பெண்பிள்ளையும் 'போராளி'. மாண்டபின் இருவர்க்கும் ஒரே பட்டம். ஒரே பட்டம் கொடுப்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது பறித்தவனின் கையைக் கழுவிவிடும் தண்ணீர்.

ஆனால் மக்களின் வாய் இதற்கு உடன்படவில்லை. எமது கிராமத்துத் தாய்மாரின் பேச்சைச் செவிகொடுத்துக் கேளுங்கள். "என்ரை மூத்தவன் இயக்கத்துக்குப் போனவன்; இளையவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்." போனவன், பிடித்துக்கொண்டு போகப்பட்டவன் என்று இரண்டே வினைச்சொற்களால் அத்தாய் எமது முதல் வினாவுக்கு விடை கூறிவிட்டாள். பெயர்ச்சொல்லை அதிகாரிகள் வைத்தனர். வினைச்சொல்லை மக்கள் தம்மிடம் வைத்துக்கொண்டனர். எமக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் பிடிபட்டுப் பல்லாண்டு கழிந்தபின்னும், அவனை எந்தப் பட்டத்தாலும் குறிப்பதில்லை. பிடித்தவர் எவர் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. பட்டம் சூட்டிப் பேசவந்த ஒருவரிடம் அவர் கூறியது இவ்வளவே: "அவன் பள்ளிக்கூடம் போன பிள்ளை." அந்த ஒரு வாக்கியத்தில் உள்ள உண்மை, பக்கம் பக்கமாக எழுதப்பட்ட புகழுரைகளில் இல்லை.

'வீரர்' என்னும் சொல்லையும் சிறிது நோக்குவோம். வீரம் ஒரு குணம். அது சிலரிடம் சில வேளை தோன்றும். அதனை ஒரு தொழிலின் பெயராக்கி, சம்பளப் பதிவேட்டில் உள்ள அனைவர்க்கும் வழங்கினால் என்ன நிகழும்? சம்பளம் குறையும், புகழ் கூடும். தெற்கிலே 'ரணவிரு' என்ற பட்டத்தாற் போற்றப்பட்ட சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளை எண்ணுங்கள். வயலில் விளைச்சலின்றி, கொழும்பில் வேலையின்றி, சம்பளத்துக்காகப் படைக்குச் சென்றவர் அவருட் பலர். காலிழந்து கையிழந்து திரும்பியபின், 2017, 2018ஆம் ஆண்டுகளிலே, ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு வீதியில் அவர்கள் நின்றனர். பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறையவில்லை என்பதே அவர்க்கு எதிராகக் கூறப்பட்ட நியாயம். ஊனமுற்ற அவர்கள் மீது பொலிசார் நீர் பாய்ச்சிக் கலைத்தனர். பட்டம் கொடுக்கும்போது ஆண்டுக்கணக்குப் பார்க்கப்படவில்லை. பணம் கேட்டபோது பார்க்கப்பட்டது. அயல்நாடான இந்தியாவிலே 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கே படையிற் சேர்க்கப்படுகின்றனர். நால்வருள் ஒருவர் வரையிலேயே தொடர்ந்து நிலைபெறலாம். ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்கு வழங்கிய பெயர் 'அக்னிவீர்'. ஒப்பந்தத் தொழிலாளி என்பதற்கு இத்துணை அழகிய மொழிபெயர்ப்பு வேறெங்கும் கண்டிலோம்.

இதன் மறுபுறம் 'கூலிப்படை' என்னும் வசை. 2024ஆம் ஆண்டிலே, ரஷ்ய உக்ரேனியப் போர்க்களத்துக்குச் சென்ற எமது நாட்டவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டு மே மாதத்திலே குறைந்தது 16 பேர் அங்கு மாண்டனர் என அரசாங்கம் கூறிற்று. பெரும்பாலார் ஓய்வுபெற்ற படையினர். முன்வரிசைப் போர் இல்லை, உதவியாளர் வேலையே என்று முகவர் கூறியதை நம்பிச் சென்றவர் பலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அவர்களது ஓய்வூதியம் அரிசிக்கும் பருப்புக்கும் போதாமற் போயிருந்தது. நேற்று வரை 'வீரர்' என்று இவர்களை வாழ்த்திய அதே பேனா, இன்று 'கூலிப்படையினர்' என்று எழுதிற்று. பெயர் மாறியது அவர்கள் மாறியதால் அன்று; அவர்களுக்கு இருந்த பயன் தீர்ந்ததால்.

கூலி என்பது இழிசொல்லா? மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண் பெறுவது கூலி. அதில் இழிவில்லை. அவள் உழைப்பை மலிவாக வாங்குவோனிடமே இழிவுண்டு. அதுபோலக் கூலிப்படை என்னும் பெயரின் வெட்கம் கூலி பெறுபவனை மட்டும் சேர்வது நியாயமாகாது. ஏழையின் உயிரை விலைபேசிய முகவனையும், விலைகொடுத்து வாங்கிய அரசையும், அவனைப் பட்டினியால் விரட்டிய ஆட்சியையும் அது முதலிற் சேர்தல் வேண்டும்.

எமக்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். சொல் மாறினால் துப்பாக்கி மாறுமா என்று ஒருவர் கேட்பார். மாறாது. ஆனால் துப்பாக்கியை ஏந்தச் சொல்வோன் முதலிற் சொல்லையே ஏந்தி வருகிறான். 'உதவியாளர்' என்ற சொல்லை நம்பியவர் பனிவெளியிற் புதையுண்டனர். 'தொண்டர்' என்ற சொல்லின் கீழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் பிடிக்கப்பட்டனர். படையாள் என்றெழுதினால் உயிர்துறந்தோரை அவமதிப்பதாகும் என்று வேறொருவர் சினப்பார். இறந்தவனை அவன் உண்மையாக வாழ்ந்தபடியே நினைவுகூர்வதினும் பெரிய மதிப்பு எது? பழைய சொற்களை விடுத்துப் புதுச் சொற்களை ஆக்குவோம் என்று பண்டிதர் முன்வருவர். ஆக்கம் வேண்டியதில்லை. எளிய சொற்கள் எம்மிடமே உள்ளன.

சம்பளத்துக்கு நிரந்தரமாகச் சேர்ந்தவனைப் படையாள் அல்லது சிப்பாய் என்போம். வேறு தொழில் செய்துகொண்டு பயிற்சிக்கும் அழைப்புக்கும் வருபவனைப் பகுதிநேரப் படையாள் என்போம். தேவைப்படின் மீண்டும் அழைக்கப்படுவோன் ஒதுக்குப் படையாள். தவணை குறித்து எடுக்கப்படுவோன் ஒப்பந்தப் படையாள். சட்டத்தாலோ துவக்காலோ சேர்க்கப்பட்டோன், அவனைச் சேர்த்தவர் எவராயினும், கட்டாயப் படையாள். பதினெட்டு வயது நிரம்பாதவர் எந்தப் படையாளும் அல்லர். அவர் சிறுவர், களவாடப்பட்ட சிறுவர். 'தொண்டர்' என்னும் சொல்லோ தன் விருப்பால், ஊதியம் கருதாது, விலகும் உரிமையோடு பிறர்க்கு உழைப்பவர்க்கு மட்டும் உரியதாகுக. சம்பளம் கிடைக்காத ஆசிரியைக்கும் அச்சொல் வேண்டாம். அவர் சம்பளம் மறுக்கப்பட்ட ஆசிரியர், அவ்வாறே எழுதுவோம். அப்படி எழுதினால்தான் மறுத்தவர் யார் என்ற கேள்வி எழும்.

இது பத்திரிகை ஆசிரியர் மேசையிலே நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை. பாடநூல் எழுதுவோரும் அரச கரும மொழிபெயர்ப்பாளரும் செய்யக்கூடியது. தமிழாசிரியராகிய எமக்கோ இது கடமை. அடுத்த தவணையில் அதே வகுப்புக்கு அதே சொல்லை மீண்டும் கொடுக்கவுள்ளோம். ஆனால் இம்முறை வாக்கியம் மட்டும் கேட்கப் போவதில்லை. நீ எழுதிய தொண்டர் தானாக வந்தாரா, அவர்க்குச் சோறிடுபவர் யார், அவர் விலகிச் செல்லலாமா என்ற மூன்று வினாக்களையும் கரும்பலகையில் எழுதுவோம். முகாம் வாயிலைப் பற்றி எழுதிய அம்மாணவன் என்ன விடை எழுதுவான் என்பதை அறிய நாம் ஆவலாயிருக்கிறோம்.